ரத்னசபாபதிக்குப் புரியாத சொல்

"புரியுதா சார்?"

"புரியலைம்மா."

"இப்போ?"

"இப்பவும் புரியலை."

"நான் இன்னும் எதுவுமே சொல்லலையே சார்."

"அப்படியா? அதுவும் புரியலை."

தில்லைநாயகி பேனாவைக் கீழே வைத்தாள். ஆலங்கரை முன்சீப் கோர்ட்டில், குடிதண்ணீர்த் தொட்டிக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் அவளுக்கு ஒரு மேஜை. மேஜை மேல் 'சொல் விளக்கர்' என்று பலகை. எதிரே உட்கார்ந்திருந்தவர் அடுக்குமாடி கட்டி விற்கும் ரத்னசபாபதி. அவர் காதுக்குப் பின்னால் பொட்டு மாதிரி ஒட்டியிருந்த புரிமானி சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் நின்ற வக்கீல் கோவர்தனன் சிரிப்பை மறைக்க மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"பதிவு பண்ணிக்குங்க மேடம். 'ஸ்டே' என்கிற சொல் என் கட்சிக்காரருக்குப் புரியவில்லை."

"மூணாவது தடவையா புரியலை."

"புரியாதவருக்கு முதல் தடவை என்ன, மூணாவது தடவை என்ன?"

புரிதல் சட்டம் வந்த அன்று ஊரே பட்டாசு வெடித்தது. நியாயம்தானே? காலம் காலமாக ஜனங்கள் புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போட்டு நிலத்தையும் வீட்டையும் இழந்திருக்கிறார்கள். இனிமேல் கோர்ட்டில் பேசப்படும் ஒரு சொல் ஒருவருக்குப் புரியாதவரை, அந்தச் சொல் அவரைக் கட்டுப்படுத்தாது. புரியவைக்க ஒவ்வொரு கோர்ட்டிலும் ஒரு விளக்கர். புரிந்ததா என்று பார்க்க ஒரு மானி. அர்த்தம் மண்டைக்குள் விழுந்தால் பச்சை, விழாவிட்டால் சிவப்பு. சட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் நல்லவர்கள். நல்லவர்கள் கட்டுகிற வேலியில் எப்போதும் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதன் வழியாக லாரி போகும்.

மானியிடம் நடிக்க முடியாது. அப்படியானால் என்ன செய்வது? நிஜமாகவே புரியாமல் ஆக்கிக்கொள்ள வேண்டியதுதான். பைபாஸ் ரோட்டில் ஏ.சி. போட்ட கிளினிக்குகள் முளைத்தன. தலையில் சில்லென்று ஒரு குல்லாய், நடுவில் லெமன் ஜூஸ், பின்னணியில் வீணை. எழுந்து வரும்போது நீங்கள் கேட்ட ஒரே ஒரு சொல்லின் அர்த்தம் மட்டும் கழுவிப் போயிருக்கும். தமிழில் சொன்னாலும் இங்கிலீஷில் சொன்னாலும் சத்தம் காதுக்கு வரும், உள்ளே தங்காது. முன்பெல்லாம் இந்தத் திறமை கல்யாணமான ஆண்களுக்கு மட்டும் செலவில்லாமல் வாய்த்திருந்தது.

யாராவது பொறுமையாக விளக்கினால் அர்த்தம் மறுபடி துளிர்க்கும் என்பதுதான் ஒரே தொந்தரவு. அதனால் ரத்னசபாபதி ஒவ்வொரு வாய்தாவுக்கும் முதல் நாள் போய்க் கழுவிக்கொண்டு வருவார்.

ஏழைகளையும் யாரும் மறந்துவிடவில்லை. அவர்களுக்கு இலவச முகாம் நடந்தது. 'அப்பீல்' என்கிற சொல்லைக் கழுவிவிட்டு, தக்காளி சாதமும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்து அனுப்பினார்கள். நல்ல கூட்டம்.

*

"செண்பகவல்லி… செண்பகவல்லி… செண்பகவல்லி!"

டவாலி மூன்று தடவை கூப்பிட்டார். முதல் கூப்பாட்டுக்கே அவள் உள்ளே வந்து நின்றுவிட்டாள். ஆனால் மூன்று தடவை கூப்பிடுவது வழக்கம், ஆள் எதிரே நின்றாலும்.

"வந்துட்டேன் அண்ணே. பக்கத்துலதான் நிக்கறேன்."

செண்பகவல்லி மினி பஸ் கண்டக்டர். காக்கிச் சட்டையோடுதான் வந்திருந்தாள். சந்துக் கோடியில் அவளுக்கும் மகள் நிறைமதிக்கும் சேர்த்து ஒரு வீடு. சந்தும் அவர்கள் பத்திரத்தில் இருப்பதுதான். பக்கத்து மனையில் அடுக்குமாடி கட்டும் ரத்னசபாபதிக்குக் கார் நிறுத்த இடம் போதவில்லை. சந்து வாய்க்கு முன்னால் ரெண்டு கார் நிற்குமே என்று, அந்த வாயை மறித்துச் சுவர் எழுப்பினார். செண்பகவல்லி ஸ்டூல் போட்டு ஏறிக் குதித்து வேலைக்குப் போகிறாள். நிறைமதி பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். அவளால் குதிக்க முடியாது. அவள் போவது சக்கர நாற்காலியில்.

முன்சீப் அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"சுவர் கட்டக் கூடாது, கட்டினதை எடுக்கணும்னு ஸ்டே போட்டு ரெண்டு மாசம் ஆச்சு. சுவர் ஏன் இன்னும் வளருது?"

"கனம் கோர்ட்டாரவர்களே," என்றார் கோவர்தனன், "என் கட்சிக்காரருக்கு அந்தச் சொல் புரியவில்லை. அவருடைய கொத்தனாருக்கு அவர் சொன்னால்தான் புரியும்."

"விளக்கர் என்ன சொல்றாங்க?"

தில்லைநாயகி எழுந்தாள். "மூணு தடவை விளக்கியாச்சுங்க. சிவப்புதான்."

"அப்போ சட்டப்படி, அவருக்குப் புரியும் வரை இந்த உத்தரவு அவரைக் கட்டுப்படுத்தாது."

செண்பகவல்லி தன் காதைத் திருப்பிக் காட்டினாள். "அம்மா, எனக்குப் பச்சை எரியுது பாருங்க. எனக்கு நல்லாப் புரியுது. அது போதாதா?"

"உங்களுக்குப் புரிஞ்சா அது உங்களைத்தாம்மா கட்டுப்படுத்தும்."

"என்னை எதுக்குங்க கட்டுப்படுத்தணும்? சுவர் கட்டினது நானா?"

"இல்லை."

"அப்போ அந்தச் சுவரை நான் இடிச்சா?"

"இடிக்கக் கூடாது. வழக்கு முடியற வரைக்கும் அவரவர் கையை வெச்சுக்கிட்டு சும்மா இருக்கணும். அதுதான் ஸ்டே. உங்களுக்குத்தான் பச்சை எரியுதே."

"ஆக, புரிஞ்சவ சும்மா இருக்கணும், புரியாதவர் சுவர் கட்டணும். நல்லாயிருக்குங்க. எங்க பஸ்ஸுல டிக்கெட் வாங்கினவனை இறக்கிவிட்டுட்டு வாங்காதவனுக்கு சீட்டு குடுக்கற மாதிரி."

முன்சீப் அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது போலத்தான் இருந்தது. ஆனால் அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அடுத்த வழக்கு.

*

வெளியே வந்ததும் கோவர்தனன் செண்பகவல்லியைப் பின்தொடர்ந்தார். அவர் குரலில் அத்தனை கரிசனம்.

"இதோ பாரும்மா, நான் விரோதியா பேசலை. இந்த 'வழி உரிமை'ங்கிற சொல்லு இருக்கு பாரு, அதுதான் உன்னைப் படுத்துது. ஒரு தடவை கிளினிக்குக்கு வா. கழுவிட்டா மனசு லேசாயிடும். எங்க சார் செலவுலயே."

"கழுவறதுன்னா எங்க வீட்டுல பாத்திரம் நிறைய கிடக்கு சார். உங்க சாரை அனுப்பி வைங்க. சுவர் ஏற ஸ்டூல் நான் தர்றேன்."

அவர் போனதும் அவள் தில்லைநாயகியின் மேஜைக்கு வந்து, நாற்காலியில் பொத்தென்று விழுந்தாள். அங்கே ஏற்கெனவே ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார்.

"அம்மா, 'எக்ஸ்பார்ட்டி'ன்னு எழுதியிருக்காங்க. அப்படின்னா?"

"நீங்க போகாத கல்யாணத்துல உங்களையே மாப்பிள்ளையாக்கி, தாலியும் கட்டவெச்சுட்டாங்க ஐயா. நீங்க வராமலே தீர்ப்பு."

பச்சை.

"இந்தக் 'கேவியட்'டு?"

"பந்தி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே போய் இலையில துண்டைப் போட்டு வெக்கறது. நான் இல்லாம பரிமாறாதீங்கன்னு."

பச்சை.

"வாய்தா?"

"அதுக்கு விளக்கம் வர்ற வியாழக்கிழமை."

பெரியவருக்குப் பச்சை எரிந்தது. சிரித்துக்கொண்டே போனார்.

செண்பகவல்லி சிரிக்கவில்லை. "அக்கா, என் பொண்ணு வெளிய வரமாட்டேங்கறா."

"போன வாரம் காலேஜ் போனாளே?"

"நாலு பேரு சேர்ந்து நாற்காலியோட தூக்கி அந்தப் பக்கம் விட்டாங்க. சாயங்காலம் திரும்பத் தூக்கி இந்தப் பக்கம். எல்லாம் நல்ல பசங்கதான். ஒருத்தன் மட்டும், 'மூட்டை கொஞ்சம் கனம்தான்'னு விளையாட்டுக்குச் சொல்லிட்டான். அவளும் சிரிச்சா. உள்ள வந்து கதவைச் சாத்தினவதான். 'இனிமே என்னை யாரும் தூக்க வேண்டாம்மா, நானா உருண்டு போறதா இருந்தாப் போறேன்'கறா. பிராக்டிகல் பரீட்சை வருது. போகலேன்னா வருஷம் போச்சு. இன்னும் ரெண்டு வரிசை செங்கல் ஏறிட்டா தூக்கறதுக்கும் ஆகாது."

தில்லைநாயகியின் வேலை சொல்லுக்கு அர்த்தம் சொல்வது. ஆறுதல் சொல்வதற்குக் கோர்ட்டில் தனியாக மேஜை கிடையாது.

செண்பகவல்லியின் போன் அடித்தது. நிறைமதிதான்.

"என்னம்மா ஆச்சு?"

"அவருக்குப் புரியலையாம்டி."

"நிஜமாவேவா?"

"நிஜமாவே. சிவப்பு எரியுது. நானே பார்த்தேன்."

"குடுத்துவெச்ச மனுஷன்," என்றாள் நிறைமதி.

*

பத்து நாள் கழித்து ரத்னசபாபதி கோர்ட்டுக்கு ஓடிவந்தார். நடந்து வரவில்லை, காரில் இறங்கவில்லை, ஓடிவந்தார். பின்னால் கோவர்தனன் கறுப்பு அங்கியை ஒரு கையில் சுருட்டிப் பிடித்தபடி மூச்சிரைத்தார்.

"ஏம்மா! எனக்கு உடனே ஸ்டே வேணும்!"

தில்லைநாயகி டீ டம்ளரை வைத்தாள். "என்ன வேணும்?"

"ஸ்டே!"

"அப்படின்னா என்ன சார்?"

ரத்னசபாபதி வக்கீலைப் பார்த்தார்.

"அதான்… கோவர்தனன் சொன்னார். அப்படி ஒண்ணு இருக்காம். அதை வாங்கிட்டா எல்லாம் சரியாயிடுமாம்."

விஷயம் இதுதான். அடுக்குமாடிக்கு முன்னால், மெயின் ரோட்டை ஒட்டி ஒரு துண்டு நிலம். 'மேகவாசல்' என்று ஒரு பெரிய கம்பெனி அது தங்களுடையது என்று காலையில் வந்து, இரும்புத் தகடு அடிக்கத் தொடங்கிவிட்டது. சாயங்காலத்துக்குள் ரத்னசபாபதியின் கட்டடத்துக்கு வாசல் இருக்காது. உள்ளே சிமெண்ட் லாரி போக முடியாது, வீடு பார்க்க வருகிறவர்கள் போக முடியாது, அவரே போக முடியாது.

"மனு தயார் மேடம்," என்றார் கோவர்தனன். "ஆனா சார் கையெழுத்துப் போடணும்னா…"

"மனுவுல இருக்கற ஒவ்வொரு சொல்லுக்கும் பச்சை எரியணும். புரியாததைக் கோர்ட்டுல கேக்க முடியாது. உங்களுக்குத் தெரியாததா சார்?"

"மத்த சொல்லுக்கெல்லாம் எரியுது. இது ஒண்ணுதான்."

"இது ஒண்ணைத்தானே விடாம கழுவினீங்க?"

கோவர்தனன் தன் கட்சிக்காரரைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தள்ளிக்கொண்டு போய் ரகசியமாகப் பேசினார். வாதாடிப் பழகிய தொண்டை. ரகசியம் ஜெராக்ஸ் கடை வரைக்கும் கேட்டது.

"சார், ஒரு சின்னச் சிக்கல். உங்களுக்குப் புரிஞ்சிடுச்சுன்னா அந்தக் கண்டக்டரம்மா வாங்கின ஸ்டேயும் உங்களைப் பிடிச்சுக்கும். சந்துச் சுவரை எடுத்தாகணும்."

"அதெப்படி? எனக்கு என் கேஸுக்கு மட்டும் புரியட்டும். அவ கேஸுக்கு வேண்டாம்."

ரெண்டு பேரும் திரும்பி வந்தார்கள். ரத்னசபாபதி கெஞ்சலாகக் கேட்டார்.

"ஏம்மா, கொஞ்சமா புரியற மாதிரி விளக்க முடியுமா? மேலோட்டமா?"

"ஒரு கண்ணை மட்டும் மூடித் தூங்கற மாதிரி கேக்கறீங்க. உக்காருங்க சார்."

உட்கார்ந்தார். தில்லைநாயகி மானியை அவர் காதுக்குப் பின்னால் ஒட்டினாள்.

"உங்க வீட்டுல சாம்பார் கொதிக்குது. இது என் அடுப்பு, என் பருப்புன்னு ரெண்டு பேருக்கும் சண்டை. சாம்பார் பொங்குது. ஒருத்தர் வந்து, 'சண்டையை அப்புறம் வெச்சுக்குங்க, முதல்ல அடுப்பை அணைங்க'ங்கறார். அதுதான் ஸ்டே."

சிவப்பு.

"நான் சமையலறைப் பக்கம் போனதில்லைம்மா."

"அது உங்க வீட்டம்மாவுக்குப் புரிஞ்சிருக்கும். சரி. கிரிக்கெட். அவுட்டா இல்லையான்னு தகராறு. அம்பயர் முடிவு சொல்ற வரைக்கும் அடுத்த பந்து போடக் கூடாது."

சிவப்பு. கோவர்தனன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே எங்கோ தகடு அடிக்கிற சத்தம் கேட்பது போல ரத்னசபாபதி துடித்தார்.

"சார், நான் சொன்னா ஏறலை. நீங்க சொல்லுங்க. உங்களுக்கு இப்போ என்னதான் வேணும்?"

"என்ன வேணுமா? அவன் கையைப் பிடிச்சு நிறுத்தணும்மா! நிலம் யாருதுன்னு அப்புறம் பேசலாம், வருஷக்கணக்கா பேசலாம், அதுக்குள்ள அவன் பாட்டுக்குத் தகடை அடிச்சுட்டா நான் எந்த வழியா போவேன்? பறந்தா போவேன்? தீர்ப்பு வர்ற வரைக்கும் ஒரு ஆணி அடிக்கக் கூடாது! அடிச்சதைப் பிடுங்கணும்! ஒரு மனுஷனை அவன் இடத்துக்குள்ளயே பூட்டி வெக்கறது அநியாயம் இல்லையா? இதைத் தடுக்க இந்த ஊர்ல ஒரு…"

அவர் நின்றார்.

காதுக்குப் பின்னால் பச்சை.

ஜெராக்ஸ் கடைக்காரர் கூட மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"அழகா சொன்னீங்க சார்," என்றாள் தில்லைநாயகி. "இத்தனை வருஷத்துல இப்படி ஒரு விளக்கம் நான் குடுத்ததில்லை. இங்க கையெழுத்துப் போடுங்க. உத்தரவை நிறைவேத்தற அமீனா வெளியதான் நிக்கறார், அவரையும் ஒரு எட்டு பார்த்துட்டுப் போங்க."

*

மதியமே சுவர் இறங்கியது. இடித்தது ரத்னசபாபதியின் கொத்தனார்கள்தான். கட்டினவர்களுக்குத்தானே எங்கே தட்டினால் விழும் என்று தெரியும். அமீனா உத்தரவை உரக்கப் படித்தார். உத்தரவு நிறைவேறும்போது வழக்கில் இருக்கிற எல்லாருக்கும் மானி ஒட்ட வேண்டும் என்பது விதி. ரத்னசபாபதிக்கு ஒட்டினார், செண்பகவல்லிக்கு ஒட்டினார். வீடு ரெண்டு பேர் பேரிலும் இருப்பதால் நிறைமதியும் வாதிதான். உள்ளே போய் அவளுக்கும் ஒட்டிவிட்டு வந்தார். தில்லைநாயகி சாட்சிக்கு நின்றாள்.

"அக்கா, நாளைக்குப் பிராக்டிகல்," என்றாள் செண்பகவல்லி. முகத்தைத் திருப்பிக்கொண்டு செங்கல்லை ஓரம் தள்ளினாள்.

ரத்னசபாபதி ஒரு மூலையில் நின்றார். முகம் வாடித்தான் இருந்தது, ஆனால் முழுதாக இல்லை. அவருக்கும் ஸ்டே கிடைத்துவிட்டதே. கோவர்தனனுக்குப் போன் வந்தது. ஒதுங்கிப் போய்ப் பேசினார். திரும்பி வரும்போது நடை மெதுவாக இருந்தது.

"சார்… மேகவாசல் தரப்புல ஆள் வந்து ஆஜரானாங்களாம்."

"உத்தரவைக் குடுத்தாச்சா? தகடைப் பிடுங்கறானா?"

"குடுத்தாச்சு. அவங்களுக்கு 'ஸ்டே' புரியலையாம்."

"என்னது?"

"அதோட 'சம்மன்' புரியலையாம். 'கோர்ட்' புரியலையாம். 'ரத்னசபாபதி'யும் புரியலையாம். பெரிய கம்பெனி சார். பேக்கேஜா எடுத்திருக்காங்க."

"இதை அனுமதிக்கறதா? இது சட்டமா?"

"ரெண்டு மாசமா நாம பிடிச்சுக்கிட்டிருந்த அதே சட்டம்தான் சார்."

"அப்போ நான் என்னதான் பண்றது?"

"அதோ செண்பகம் நிக்கறா," என்றாள் தில்லைநாயகி. "அவளைக் கேளுங்க. ரெண்டு மாசம் அனுபவம் இருக்கு. ஸ்டூலும் இருக்கு."

ரத்னசபாபதி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் கண் சந்தின் மேல் இருந்தது. மெயின் ரோட்டு வாசல் போனால் என்ன? அவர் மனைக்குப் பக்கவாட்டில் ஒரு சின்னக் கதவு உண்டு. அது இந்தச் சந்தில்தான் திறக்கும். சுவரும் இப்போது இல்லை. ஆட்கள் போகலாம், தள்ளுவண்டியில் சிமெண்ட் போகலாம், வீடு பார்க்க வருகிறவர்கள் போகலாம். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு செண்பகவல்லியிடம் வந்தார். குரலில் அத்தனை தேன்.

"தங்கச்சி, நடந்தது நடந்துபோச்சு. பக்கத்து வீடு, நாளைக்கு நல்லது கெட்டதுக்கு முகத்துல முழிக்கணும். எங்க ஆளுங்க இந்தச் சந்து வழியா…"

"என்னைக் கேக்காதீங்க சார். பாதி அவளுது. அவ வர்றா, கேளுங்க."

சந்துக் கோடியில் கதவு திறந்தது. சக்கரம் கிறீச்சிட்டது. நிறைமதி தானே உருட்டிக்கொண்டு வந்தாள். அவசரமில்லை. செங்கல் தூள் மேல் ரெண்டு கோடு இழுத்தபடி சந்தின் வாய் வரைக்கும் வந்தாள். மெயின் ரோட்டை ஒரு நிமிஷம் பார்த்தாள். பஸ், ஆட்டோ, இளநீர் வண்டி. பிறகு நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்தினாள். சந்தின் இந்தப் பக்கச் சுவருக்கும் அந்தப் பக்கச் சுவருக்கும் நடுவில் நாற்காலி கச்சிதமாகப் பொருந்தியது.

"பாப்பா," என்றார் ரத்னசபாபதி, "கொஞ்சம் வழி விடும்மா."

நிறைமதி நிமிர்ந்து பார்த்தாள்.

"வழின்னா?"

"வழிம்மா. பாதை. எங்க ஆளுங்க உள்ள போக…"

"பாதைன்னா என்ன சார்?"

ரத்னசபாபதி வக்கீலைப் பார்த்தார். வக்கீல் தில்லைநாயகியைப் பார்த்தார்.

"மேடம், நீங்க விளக்குங்க. உங்க வேலைதானே?"

"விளக்கலாம் சார். ஆபீஸ் நேரத்துல வரச் சொல்லுங்க. மூணு தடவை விளக்கணும்."

நிறைமதி இன்னும் ரத்னசபாபதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் குறும்பில்லை, கோபமில்லை, ஒன்றுமே இல்லை. ரெண்டு மாதமாகக் கோர்ட்டில் அவர் வைத்துக்கொண்டிருந்த அதே முகம். வெளியே நின்ற ரத்னசபாபதிக்குத் தெரிந்தது அந்த முகம் மட்டும்தான்.

தில்லைநாயகி நாற்காலிக்கு உள்பக்கமாக, சந்துக்குள் நின்றிருந்தாள். நிறைமதியின் காதுக்குப் பின்னால், முடிக்கு அடியில், பச்சை அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. தில்லைநாயகி குனிந்து, பின்னலை எடுத்து அதன் மேல் போட்டுவிட்டாள்.